மலையிலிருந்து வந்த வண்டி

உங்களில் யாருக்காவது சின்ன வயதில் பெட்ரோல் தகரத்தின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கு வண்ணார்பேட்டையில் பஸ்கள் விடுகிற புகையைச் சொல்லவில்லை. அது வெறும் நாற்றம். நான் சொல்வது மூக்கில் ஏறி, நெற்றிக்குப் பின்னால் ஒரு நொடி குளிர்ந்து நிற்குமே, அந்த வாசனை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு கோடை முழுக்க அது இருந்தது. அக்கா எனக்குச் சடை பின்னிவிட்டால் அது என் தலைமுடிக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் "ஒரு மோட்டார் சைக்கிள்தானே பாட்டி" என்கிறார்கள். ஊரில் மோட்டார் சத்தம் கேட்டால் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்தவர்கள் நாம். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. அதற்கு முதல் உலக யுத்தம் என்று பெயர் வந்ததெல்லாம் இரண்டாவது ஒன்று வந்த பிறகுதானே. எங்கள் வீடு பாளையங்கோட்டையில், மிஷன் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அக்காவுக்குக் கல்யாணமாகியிருந்தது. ஆனாலும் எங்களோடுதான் இருந்தாள். அத்தான் சிலோனில், நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஸ்டோர் குமாஸ்தா. மிஷன் கோயிலில் மோதிரம் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கப்பல் ஏறிவிட்டார். அக்கா காலையில் மிஷன் பங்களாவுக்குப் போய் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து ரேந்தை, அதாவது லேஸ், பின்னுவாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து, அங்கே விட்ட இடத்திலிருந்து பின்னுவாள். அவள் பின்னின ரேந்தை சீமைக்குப் போகும் என்பார்கள்.

அத்தான் திரும்பி வந்தது பங்குனி வெயிலில். தூத்துக்குடியிலிருந்து ஒரு மாட்டு வண்டியில் வந்தார். அவரோடு சாக்குச் சுற்றிய பெரிய உருப்படி ஒன்றும் வந்தது. மாப்பிள்ளை மெத்தை வாங்கி வந்திருக்கிறார் என்று அம்மா நினைத்தாள். சாக்கை அவிழ்த்தால் மோட்டார் சைக்கிள்.

புதியது அல்ல. அப்போதே பழசு. தடித்த சைக்கிள் மாதிரி இருக்கும். மிதிக்கக் கட்டையும் உண்டு. நடுவில் ஒற்றை எஞ்சின். அதிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல் பட்டை. ரெண்டரைக் குதிரை சக்தி என்றார் அத்தான். அந்த அரைக் குதிரை எப்படி இருக்கும் என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். தோட்டத்துத் துரை பட்டாளத்தில் சேரப் போகும்போது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"மலையில குதிரை மாதிரி ஏறும் மாமா" என்றார் அப்பாவிடம்.

தெருவே கூடி நிற்க, அவர் அதை மிதித்து ஓட்டிக் கிளப்பினார். அது இருமியது. எஞ்சினின் பக்கவாட்டிலிருந்த பித்தளைக் கிண்ணம் வழியாக 'டப்'பென்று நெருப்பைத் துப்பியது. நின்றுவிட்டது. மறுநாள் எப்படியோ கிளப்பிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரைக்கும் போனார். பாலத்து ஏற்றத்தில் அது மூச்சு முட்டி நின்றது. சூட்டில் எஞ்சின் கையை வைக்க முடியாமல் கொதித்ததாம். வாழைத்தார் ஏற்றி வந்த வண்டி ஒன்றின் பின்னால் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். தெருப் பிள்ளைகள் பின்னாலேயே "டப், டப்" என்று கத்திக்கொண்டு வந்தார்கள்.

அப்பா அன்றைக்கு அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது, அக்காவுக்கும் கேட்டது. "தொர கழிச்சுப் போட்டத இவர் தலையில கெட்டிட்டான். இவரும் பல்லக் காட்டிக்கிட்டு தூக்கிட்டு வந்திருக்காரு."

வெறும் கேலியோடு போகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. மிஷன் துரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடங்களுக்கும் மருந்துச்சாலைக்கும் புத்தகமும் மருந்தும் கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும். அப்போது அந்தப் பக்கம் ரயில் கிடையாது. மாட்டு வண்டியில் போனால் போன ஆள் அன்றைக்குத் திரும்ப முடியாது. வண்டி ஓடினால் வேலை அத்தானுக்கு. ஓடாவிட்டால் ஈஸ்டர் கழிந்ததும் அவர் மறுபடியும் கப்பல் ஏற வேண்டியதுதான்.

மறுநாள் அக்கா ரேந்தைக்குப் போகவில்லை. பின்கட்டில் வண்டியின் முன்னால் ஒரு பழைய பாயை விரித்து உட்கார்ந்தாள்.

"இது என்ன?" என்று அந்தப் பித்தளைக் கிண்ணத்தைக் காட்டிக் கேட்டாள்.

"கார்புரேட்டர். பெட்ரோலும் காத்தும் இதுலதான் கலக்கும்" என்றார் அத்தான். "அத மட்டும் நான் தொட்டதில்ல. தோட்டத்துல தொர தொட விடமாட்டாரு."

"இப்ப தொர இல்லல்லா" என்றாள் அக்கா.

எங்கள் அம்மாவின் வாயில் அது கடைசிவரை 'காப்பிரேட்டு'தான்.

அக்கா அதைப் பைய கழற்றினாள். கழற்றின திருகாணிகளைச் சிரட்டையில் போட்டாள். எந்தத் திருகாணி எங்கே இருந்தது என்று பாயின் மேல் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்தாள். உள்ளே கப்பல் உப்பு பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தாள். குத்துவிளக்கு மாதிரி ஆயிற்று. கிண்ணத்துக்குள் டப்பி போல ஒரு பித்தளை மிதப்பு இருந்தது. பெட்ரோல் நிறைந்ததும் அது மிதந்து ஓர் ஊசியைத் தூக்கி வழியை அடைக்க வேண்டும். அக்கா அதைக் காதோரம் வைத்து ஆட்டினாள். உள்ளே களக் களக் என்றது. வெந்நீரில் அமுக்கிப் பிடித்தாள். ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் புறப்பட்டு மேலே வந்தன.

"ஏட்டி, இங்க பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

ஓட்டையை ஈயம் வைத்து அடைத்ததும் பெட்ரோல் ஒழுகுவது நின்றது. ஆனாலும் வண்டியின் இருமல் நிற்கவில்லை. தகரத்தில் தண்ணீர் கலந்திருக்கும் என்று அத்தான் பெட்ரோலை மாற்றினார். வேட்டித் துணியில் வடிகட்டினார். அது 'டப்' 'டப்' என்று துப்பிக்கொண்டே இருந்தது. எஞ்சினுக்குள் பொறி விடுகிற பிளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. அத்தான் சோர்ந்துபோனார். டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டி வெயிலில் வைத்தார். அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போனதை நான் பார்த்தேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. அம்மா குறைப்பட்டாள்.

"எங்க தோட்டத்துச் சோத்தப் பாத்தா இத அமிர்தம்பீங்க அத்தை" என்றார் அத்தான். "அங்கன அரிசி லேசுல வேகாது. தண்ணி தளதளன்னு கொதிக்கும், ஆனா சூடு இருக்காது. புதுசாப் போற ஆளுக்கு நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். மலையில காத்து கம்மி."

அக்கா கரண்டியை வைத்துவிட்டாள். "காத்து கம்மியா?"

"ஆமா."

"அப்ப அந்த வண்டி அங்கன காத்து கம்மியாத்தான் குடிச்சிருக்கும்."

அத்தானுக்குப் புரியவில்லை. எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. மிஷன் பங்களாவில் துரைசாணி ஒரு மண்ணெண்ணெய்ப் பம்ப் அடுப்பு வைத்திருந்தாள். அதன் மூக்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை. அது கொஞ்சம் அடைபட்டால் தீ நீலமாகி, படபடத்து அணைந்துபோகும். பெரிதானால் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தைக் கரியாக்கும். ரேந்தை ஊசியால் அதைக் குத்திச் சரிசெய்வது அக்காதான். அவளுக்கு அந்த அடுப்பு ஞாபகம் வந்திருக்கிறது.

"காத்துக்குத் தக்கன எண்ணெய் வேணும்லா" என்றாள். "மலைக் காத்துக்குச் சரியா சின்ன ஓட்டையா வச்சிருக்கான். இங்கன காத்து கனம். அந்த எண்ணெய் இதுக்குப் பத்தாது. அதான் வண்டிக்கு வயிறு காயுது. வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல."

அத்தான் எச்சில் கையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்புரேட்டரின் அடியில் திருகி வைத்திருந்த அந்தத் துளைக்கு ஜெட்டு என்று பெயர். சோளத்தைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் துண்டு. நடுவில் மயிரிழை போல ஒரு கண். அதைப் பெரிதாக்கிவிட்டுத் தப்பாகப் போனால் இன்னொன்று கிடைக்காது. கொழும்புக்கு எழுத வேண்டும். சண்டை நேரத்தில் அங்கேயும் இருக்குமோ என்னவோ. அக்கா அதைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு தெருமுனை ஆசாரியிடம் போனாள்.

"தாயி, மூக்குத்திக்கு ஓட்ட போட்டிருக்கேன். மோட்டாருக்குப் போட்டதில்ல" என்று சிரித்தார் அந்தத் தங்க ஆசாரி.

"மூக்குத்தின்னு நெனச்சே போடுங்க. ஒரு சுத்து சுத்திட்டு எங்கிட்ட குடுங்க. போதும்னு நான் சொல்லுதேன்."

முதல் தடவை கொஞ்சம் கூடிப்போயிற்று. வண்டி கரும்புகை கக்கி, அம்மா கொடியில் போட்டிருந்த வேட்டியெல்லாம் கரி. அம்மா 'காப்பிரேட்டை' வாய்க்கு வந்தபடி வைதாள். ஆசாரி அந்தக் கண்ணை ஈயத்தால் மூடி, அதற்குள் மறுபடியும் நுணுக்கமாகத் துளைத்தார். போட்டுப் பார்ப்பதும் கழற்றுவதுமாகச் சில நாள் போயின. அத்தான் வண்ணார்பேட்டை வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்புவார். அக்கா பின்கட்டுச் சுவரோரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். தெரு திரும்புகிற சத்தத்தைக் கேட்டே, "இன்னும் கொஞ்சம் பசிக்கு அதுக்கு" என்பாள். வந்ததும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பாள். வெளுத்தால் பசி, கறுத்தால் திகட்டல். வெளுப்பு மாறி, மங்கல் மாறி, ஒருநாள் அது நல்ல கருப்பட்டி நிறத்தில் இருந்தது. அக்கா அதை அத்தானிடம் நீட்டினாள். அவர் வெயிலில் கிடந்த டிரங்குப் பெட்டியை எடுத்துவந்து பரண்மேல் ஏற்றினார்.

மறுநாள் விடியும் நேரத்தில், தெரு எழுந்திருக்குமுன், எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். நான் முன்னால் பெட்ரோல் தொட்டிமேல். அக்கா பின்னால் கம்பித் தட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். பாலத்து ஏற்றத்தில் அது நிற்கவில்லை. இழுத்தது. கீழே ஆற்றின்மேல் பனி கிடந்தது. கரையில் வாழைகள் ஈரமாக நின்றன. குளிக்க வந்த ஒருவர் சொம்பைக் கையில் பிடித்தபடி எங்களை அண்ணாந்து பார்த்தார். அக்கா சிரிக்கிற சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டது. எத்தனையோ பிரயாணம் போயிருக்கிறேன். மறுபடியும் ஒரு தடவை போகக் கிடைக்குமென்றால், நான் கேட்பது அந்தப் பாலத்தைத்தான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சந்தோஷமான நாட்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? அத்தான் காலையில் போவார், சாயங்காலம் வருவார். வரும்போது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வெற்றிலையோ மீனோ கொண்டுவருவார். வெயில் மாறி மழை வந்தபோது அக்கா வண்டியின் சத்தத்தைக் கேட்டு ஏதோ ஒரு திருகைக் கால் சுற்று மாற்றினாள். ஒருநாள் எனக்கு ஜெட்டைக் கண்ணருகே வைத்துக் காட்டினாள். அந்தத் துளை வழியே பார்த்தால் எங்கள் முருங்கைமரம் முழுசும் ஒரு பொட்டு வெளிச்சமாகத் தெரிந்தது.

தப்பு நடந்தது அப்பாவின் வாயில். அவர் கெட்டவர் இல்லை. மருமகனை முன்னே ஏளனமாகப் பேசிவிட்டோமே என்று அவருக்குள் ஒரு உறுத்தல். அதைச் சரிக்கட்ட, பார்க்கிறவரிடமெல்லாம் மாப்பிள்ளை புகழ் பாடினார். "சீமை மெக்கானிக் கெட்டான், எங்க மாப்பிள்ளை தொட்டா ஓடும்" என்பார். அக்கா ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்.

"அத நாந்தான செஞ்சேன்? அப்படியே சொன்னா என்னப்பா?"

"பொண்டாட்டி சரி பண்ணுன வண்டியில போறாருன்னு ஊரு சொன்னா, அவரு மொகத்த எங்க கொண்டு வப்பாரு?" என்றார் அப்பா. "ஒனக்கும் அவருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். பேசாம இரு."

அத்தானிடம் யாரும் கேட்கவில்லை, அவர் முகத்தை எங்கே வைப்பாரென்று.

இன்றைக்கு இராக் என்கிறார்களே, அங்கே பஸ்ராவில் சண்டைக்கு மோட்டார் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று ஓர் அதிகாரி ஊருக்கு வந்தார். மிஷன் துரை அப்பாவின் பேச்சை நம்பி, இங்கே அருமையான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். பங்களா வராந்தாவில் பேச்சு நடந்தது. நான் அம்மா கொடுத்த முறுக்கைத் துரைசாணிக்குக் கொண்டுபோயிருந்தேன். அதனால் கேட்டேன்.

"எனக்கு ஓட்டத்தான் தெரியும் சார்" என்றார் அத்தான். "ரிப்பேர் பண்ணுனது வந்து..."

"கூச்சப்படுவாரு" என்று அப்பா இடையில் புகுந்தார். "அவரா எதையும் சொல்லிக்கிட மாட்டாரு. அப்படிப்பட்ட பிள்ளை."

அதிகாரி சிரித்தார். கை நீட்டினார். அத்தான் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தார். வாத்தியாரைப் பொய்யராக்க அவருக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு எனக்கு அது புரிகிறது. அன்றைக்கு, பட்டாளத்துத் தொப்பி வாங்கி வருவாரா என்றுதான் யோசித்தேன்.

வீட்டில் அக்கா அழவில்லை. அவர் கிளம்பும் வரைக்கும், பகலில் நேரம் கிடைத்தபோதெல்லாம் பின்கட்டுப் பாயில் அவரை உட்காரவைத்து, கார்புரேட்டரைக் கழற்றவும் பூட்டவும் சொன்னாள். அவர் கண்ணைக் கட்டிவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்கச் சொன்னாள்.

"இப்ப பசிக்கா, திகட்டுதா?"

"பசிக்கு."

"இல்ல. திகட்டுது. நல்லாக் கேளுங்க."

அவர் கண்ணைக் கட்டியிருந்த துணிக்குக் கீழே ஈரம் இறங்கியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்திருப்பாள். எஞ்சினை அணைக்காமல் அப்படியே ஓடவிட்டாள்.

அவர் திரும்பி வரவில்லை. குண்டு பட்டு அல்ல. அங்கே வெயிலிலும் காய்ச்சலிலும் போனார் என்று செய்தி வந்தது. மிஷன் துரை வந்து ஜெபம் பண்ணினார். அக்கா வெள்ளை உடுத்தினாள். வண்டியைப் பார்க்கப் பார்க்க வீட்டில் யாருக்கும் தாங்கவில்லை. அப்பா அதை மிஷனுக்கே கொடுத்துவிட்டார். அங்கேயிருந்து யாரோ மதுரைப் பக்கம் கொண்டுபோனதாகக் கேள்வி. பின்கட்டில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அம்மா சாணம் போட்டு மெழுகினால் அது மறையும்; கொஞ்ச நாளில் மறுபடியும் மேலே வரும். அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் தவிர வேறெங்கும் அவர் குரல் கேட்பதில்லை.

சண்டை முடிந்து, வெளியூர் போன ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்த காலம். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து, ஊன்றுகோலோடு நடக்கிற ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். பஸ்ராவில் அத்தானோடு ஒரே கொட்டகையில் இருந்தவர். இப்போது ஓர் அரிசி மில்லில் எஞ்சின் பார்க்கிறாராம்.

அப்பா அவரை உட்காரச் சொன்னார். அக்காவும் நானும் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

"வாத்தியாரய்யா, நான் ஒரு ஆளப் பாக்க வந்தேன்" என்றார் அவர். "அங்கன வண்டி எதுனா மக்கர் பண்ணுனா, அண்ணாச்சி கண்ண மூடிக்கிட்டு நிப்பாரு. எங்களுக்கெல்லாம் சிரிப்பா இருக்கும். என்ன வே பண்ணுதீருன்னா, எம் பொண்டாட்டி சொல்லிக் குடுத்தது வே, அவ கேட்டா ஒடனே சொல்லிருவாம்பாரு. வெள்ளக்கார சார்ஜெண்டுட்டயும் அதையேதான் சொன்னாரு. எங்க கொட்டகையில எல்லாத்துக்கும் தெரியும். எம் மில்லு எஞ்சின் நாலு நாளா சொல்பேச்சு கேக்க மாட்டேங்கு. அதான், அந்த அம்மா..."

அப்பா எழுந்து நின்றார். தெருவுக்கே கேட்கிற மாதிரி, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்.

"எம் மவதான். அவதான் சரி பண்ணுனா, எல்லாத்தையும். கூப்பிடுதேன்."

அக்கா வெளியே வந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. வந்தவரைத்தான் பார்த்தாள்.

அவர் கொண்டுவந்திருந்த மாட்டு வண்டியிலேயே கிளம்பினோம். அக்கா, நான், எங்களோடு அப்பாவும். அப்பா வண்டியின் பின்னால் காலைத் தொங்கப் போட்டு, குடையை அக்கா பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் முதுகு முழுக்க வெயில். ஆற்றங்கரை வழி நெடுக அந்த மனிதர் பேசிக்கொண்டு வந்தார். அத்தான் பேரீச்சம்பழத்தை எப்படித் தின்பார், யாரைப் போல நடித்துக் காட்டுவார், சாயங்காலம் எந்தக் கீர்த்தனை பாடுவார் என்று. எஞ்சினைப் பற்றி அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பொறவு?" என்பாள். "பொறவு என்ன சொன்னாக?"

நெல் வயலெல்லாம் கடந்து மில் வாசலில் வண்டி நின்றது. உள்ளேயிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு, ஊன்றுகோலைத் தேடி எடுத்து இறங்கப் பார்த்தார். அக்கா அசையவில்லை.

"எஞ்சின் எங்கயும் போயிராது அண்ணாச்சி" என்றாள். "நீங்க சொல்லுங்க."